வற்றிய கிணறு மீண்டும் ஊறுமா?
என்பு மச்சை செயலிழக்கும் நோயும் மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னான வாழ்வும்

இரத்தம் உடலில் எங்கே உண்டாகிறது என்று எமது கிராமக் கூட்டங்களில் கேட்டால், பலர் இருதயத்தில் என்பார்கள், சிலர் ஈரலில் என்பார்கள். இருதயம் இரத்தத்தை இறைக்கின்ற பம்பு மட்டுமே. இரத்தம் ஊறுவது எலும்புக்குள். இடுப்பெலும்பு, முள்ளந்தண்டு, நெஞ்செலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றின் உள்ளே பஞ்சு போன்ற இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு சிவந்த, கொழுத்த ஒரு பொருள் இருக்கிறது. அதனை எமது பாடநூல்கள் என்பு மச்சை என்கின்றன. தமிழ்நாட்டில் எலும்பு மஜ்ஜை என்பார்கள். ஊற்றுக்கண் எப்படிக் கிணற்றுக்கோ அப்படியே இது உடலுக்கு.

இந்த ஊற்றிலிருந்து மூன்று வகையான கலங்கள் வருகின்றன. செங்குழியங்கள் மூச்சுக்காற்றைச் சுமக்கின்றன. வெண்குழியங்கள் கிருமிகளோடு போராடுகின்றன. குருதிச் சிறுதட்டுக்கள், அதாவது வைத்தியர்கள் பிளேட்லட் என்று சொல்பவை, காயம் பட்ட இடத்தை அடைத்து இரத்தம் ஓடாமல் தடுக்கின்றன. இவற்றின் ஆயுள் வேறு வேறு. செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் இருக்கும். சிறுதட்டு ஒரு வாரம், பத்து நாட்கள். கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் வெண்குழியங்களோ இரத்தத்தில் ஒரு நாள் கூட நிலைப்பதில்லை. ஆகவே ஊற்று அடைபட்டால் உடல் அதனை உணர நெடுங்காலம் செல்லாது.

இவ்வாறு ஊற்று அடைபடும் நோய்க்கு அப்ளாஸ்டிக் அனீமியா என்று பெயர். இது புற்றுநோய் அன்று. தொற்றுநோயும் அன்று. நோயாளி இருந்த பாயில் இருந்ததாலோ, குடித்த கோப்பையில் குடித்ததாலோ எவருக்கும் வராது. "சோகை" என்ற சொல்லைக் கேட்டு, கீரையும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரும்புக் குறைவினால் வரும் சோகையில் ஊற்று நன்றாக இருக்கிறது, ஊறுவதற்கு வேண்டிய பொருள்தான் இல்லை. இந்த நோயிலோ பொருள் இருக்கிறது, ஊற்றுத்தான் இல்லை. அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய நோயாளிக்கு, ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேர்கிறது. அது வெளியேற வழியின்றி ஈரலிலும் இருதயத்திலும் படிகிறது. அவருக்கு இரும்புக் குளிசை கொடுப்பது நன்மைக்குப் பதிலாகத் தீமையே செய்யும்.

அடையாளங்கள் பயமுறுத்தும் விதமாக ஆரம்பிப்பதில்லை. மண்வெட்டி பிடித்த கை பத்து நிமிடத்தில் ஓய்கிறது. மேட்டில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் கசிகிறது. எங்கும் அடிபடாமலே தொடையிலும் கையிலும் நீலக் கண்டல்கள் தோன்றுகின்றன. காலில் சிவந்த சிறு புள்ளிகள் விழுகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்காமல் போகிறது. காய்ச்சல் வந்து மாறி, மீண்டும் வருகிறது. இடம்பெயர்ந்து வந்து, கூலிக்குக் கொத்தும் ஒருவர் இவற்றையெல்லாம் சாப்பாட்டுக் குறைவு என்றும் களைப்பு என்றும்தான் எண்ணுவார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

டெங்குக் காய்ச்சலிலும் வெண்குழியங்களும் சிறுதட்டுக்களும் குறையும் என்பதை இன்று எல்லோரும் அறிவர். ஆனால் டெங்குவில் அவை ஓரிரு வாரத்தில் தாமாக ஏறிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் ஏறவில்லை என்றால், அல்லது மூன்று வகைக் கலங்களும் ஒன்றாகக் குறைந்திருந்தால், வேறு காரணம் தேட வேண்டும். பப்பாளி இலைச் சாறு குடித்துக்கொண்டு காத்திருப்பது வீண். அது என்பு மச்சையைத் திருத்தாது. கழுவாத பச்சை இலையின் கிருமிகள், வெண்குழியம் இல்லாத உடலில் புகுந்தால் ஆபத்தே. மறுபுறம், மூன்று வகையும் குறைந்திருப்பதெல்லாம் இந்த நோய் என்று எண்ணி மனம் உடையவும் வேண்டாம். பி12 என்ற விற்றமின் குறைந்தாலும் அப்படி ஆகலாம், அதற்குச் சில ஊசிகளே போதும். வேறுபடுத்தி அறிவதற்கு முதலில் முழு இரத்தப் பரிசோதனை, பின்னர் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மச்சையின் சிறு துண்டை எடுத்துப் பார்க்கும் சோதனை. "முதுகில் ஊசி போட்டால் நடக்க முடியாமல் போகும்" என்று பயந்து பரிசோதனையை மறுத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஊசி முள்ளந்தண்டு நரம்பின் அருகே போவதே இல்லை.

கட்டுகஸ்தோட்டைச் சுற்றாடலில் உள்ளவர்களுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையும், பிள்ளைகளுக்குப் பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கேட்க வேண்டியவர் குருதியியல் விசேட வைத்திய நிபுணர். சிறுதட்டு 20,000க்குக் கீழும், கிருமியை எதிர்க்கும் வெண்குழியம் 500க்குக் கீழும் இருந்தால் நோய் கடுமையானது என்று கொள்வார்கள். சுகமான ஒருவருக்குச் சிறுதட்டு 150,000க்கு மேல் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும்.

ஏன் வருகிறது?

பெரும்பாலானோரில் காரணம் தெரிவதில்லை. உடலைக் காக்க வேண்டிய வெண்குழியங்களில் ஒரு பகுதி, வழிதவறி, தாம் பிறந்த ஊற்றையே தாக்குகின்றன என்பதே இன்றைய அறிவு. காவலுக்கு வைத்தவனே வேலியைப் பிடுங்குவது போல. சிலருக்குச் செங்கமாரி வந்து மாறிய சில மாதங்களில் இது தொடங்குகிறது. குளோரம்பெனிக்கோல் என்ற மருந்து அரிதாகச் சிலருக்கு இதனை உண்டாக்கியது 1950ஆம் ஆண்டுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோல், தின்னர், பசை போன்றவற்றில் இருக்கும் பென்சீன் என்ற இரசாயனமும் மச்சையைக் கெடுக்கும்.

கமக்காரர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று தாய்லாந்திலிருந்து கிடைத்தது. அங்கே 1989 முதல் 2002 வரை இந்த நோய் கண்ட 500க்கும் மேற்பட்டோரைச் சுகமானவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பீடைநாசினிகளைக் கையாண்டவர்கள், வாத்து வளர்த்தவர்கள், மிருகப் பசளையைக் கையாண்டவர்கள், சுத்திகரிக்காத நீரைக் குடித்தவர்கள் ஆகியோரிடம் நோய் சற்று அதிகம் காணப்பட்டது. மேற்கு நாடுகளில் ஆண்டுக்கு பத்து இலட்சம் பேரில் இருவருக்கு வருகின்ற இந்த நோய், ஆசிய நாடுகளில் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. இதை வாசித்துவிட்டு வாத்துக்களை விற்கவோ, எருவைக் கொட்டிவிடவோ வேண்டாம். கூடினாலும் இது மிக அரிய நோயே. ஆனால் பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு மருந்து அடிக்கும் எமது இளைஞர்கள், வெறுங்காலோடும் வெறுங்கையோடும் தாங்கியைத் தோளில் தூக்குவதை நாம் நாளும் காண்கிறோம். கூலி கொடுப்பவரிடம் கையுறையும் சப்பாத்தும் கேட்பது உரிமை என்பதை அவர்கள் உணர வேண்டும். மருந்து அடித்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதிருப்பது அவர்கள் கையிலேயே உள்ளது.

பிறவியிலேயே வரும் வகையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் குழந்தை வைத்தியர் ஃபன்கோனி 1927இல் விவரித்ததால் அது அவர் பெயரால் வழங்குகிறது. பிள்ளை உயரம் குறைந்திருக்கும், பெருவிரல் சரியாக அமையாதிருக்கலாம், தோலில் பால் தேநீர் நிறத்தில் தழும்புகள் இருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தோன்றும். இந்தப் பிள்ளைகளுக்கு மருந்தின் அளவும் சிகிச்சை முறையும் வேறு. ஆகவே அந்த அடையாளங்கள் இருந்தால் வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மரண தண்டனையாக இருந்தது

இந்த நோயை ஜேர்மனியின் பவுல் ஏர்லிஹ் 1888இல் முதன்முதலாக விவரித்தார், இறந்துபோன ஓர் இளம் கர்ப்பிணிப் பெண்ணைப் பரிசோதித்து. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் 1934இல் இதே நோயால் இறந்தார். பல ஆண்டுகள் பாதுகாப்பின்றிக் கதிர்வீச்சில் வேலை செய்ததே காரணம் எனப்படுகிறது. மனித உரிமைப் பிரகடனம் உருவாகக் காரணமாயிருந்த எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையாருக்கு 1960இல் இந்நோய் கண்டது. கொடுத்த மருந்தினால் உடலில் பழைய காசநோய் விழித்தெழுந்து, 1962இல் அவரும் மறைந்தார். உலகின் மிகச் சிறந்த வைத்தியம் கிடைக்கக்கூடியவர்களுக்கே இந்த நிலை.

வழி திறந்தது ஒரு விபத்திலிருந்து. 1958 அக்டோபரில் யூகோஸ்லாவியாவின் வின்ச்சா என்ற இடத்து அணு ஆய்வுகூடத்தில் இளைஞர்கள் ஆறு பேர் கடும் கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். அவர்களின் மச்சை கருகிவிட்டது. பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியர் ஜோர்ஜ் மத்தே, வேறு மனிதரின் மச்சையை எடுத்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார். அதுவரை எவரும் அந்நியரின் மச்சையை இப்படி வாழ்வுக்காக ஏற்றி வென்றதில்லை. மொழியும் தெரியாத, முகமும் அறியாத அவர்களுக்காகப் பிரெஞ்சு மக்கள் சிலர் தம் இடுப்பெலும்பில் துளையிட இடம் கொடுத்தார்கள். ஐவருக்கு ஏற்றினார்கள். ஏற்றிய மச்சை நிலையாக வேரூன்றவில்லை, ஆயினும் அவர்களின் சொந்த மச்சை தேறும்வரை காலம் கடத்த உதவியது என்று மத்தே கருதினார். ஆறு பேரில் ஒருவர் மட்டுமே இறந்தார். பிழைத்தவர்களில் ஒரு பெண் பின்னர் சுகமான குழந்தையைப் பெற்றார்.

அதன்பின் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டொனல் தோமஸ் என்ற வைத்தியரின் குழு, சகோதரரின் மச்சையை ஏற்றி அப்ளாஸ்டிக் அனீமியா நோயாளர்களைக் குணமாக்கிய செய்தியை 1972இல் வெளியிட்டது. அவருக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் முதலாவது மச்சை மாற்று மும்பாய் டாடா நினைவு வைத்தியசாலையில் 1983இல் நடந்தது. எமக்கு மொழியாலும் தூரத்தாலும் நெருங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் மம்மன் சாண்டி 1986இல் இதனைத் தொடங்கினார். நமது நாட்டிலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் மச்சை மாற்றுப் பிரிவு இயங்குகிறது.

இன்று பொருத்தமான சகோதரர் கிடைத்த இளவயது நோயாளர்களில், நல்ல நிலையங்களில், பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நோய் கண்டு ஓரிரு ஆண்டுக்குள் பெரும்பாலோர் இறந்த நிலையிலிருந்து ஐம்பது ஆண்டுகளில் இது நடந்திருக்கிறது.

சகோதரர் எங்கே?

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த நோய் ஒரு தனிப்பட்ட கேள்வியைப் போடுகிறது. உன் கூடப்பிறந்தவர்கள் எங்கே?

மச்சை பொருந்துவதற்கு இரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அது பலருக்கும் வியப்பாக இருக்கும். பொருந்த வேண்டியது இழைய வகை. தாயிடம் இரண்டு சீட்டுக்கள், தந்தையிடம் இரண்டு சீட்டுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் ஒன்றும் தந்தை ஒன்றும் கொடுக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு அதே இரு சீட்டுக்களும் விழுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு சகோதரர் இருந்தால் நூற்றுக்கு 25. இருவர் இருந்தால் 44. மூவர் இருந்தால் 58. நால்வர் இருந்தால் 68. எண்ணிக்கை கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது.

எமது பெரிய குடும்பங்களுக்கு இது ஒரு வரமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ9 வீதியில் வந்து சேர்ந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அண்ணன் முல்லைத்தீவில், அக்கா கனடாவில், தம்பி தமிழ்நாட்டு முகாமில், இன்னொருவரைப் பற்றி 2009க்குப் பிறகு செய்தியே இல்லை. சிலர் காணித் தகராறில் பத்து வருடம் பேசாமல் இருக்கிறார்கள். நோய் வந்தபின் தேடத் தொடங்கினால், தேடுவதற்கே மாதங்கள் போகின்றன. அந்த மாதங்களைத்தான் நோய் கொடுப்பதில்லை. உறவுகளின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும், பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு கொப்பியில், ஓர் உறையில், ஓரிடத்தில் வைத்திருப்பது மருந்துப் பெட்டி வைத்திருப்பதற்குச் சமம். தொலைந்த உறவைத் தேடுவதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தேடல் சேவை இருக்கிறது.

எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. இழைய வகையைச் சிறிதளவு இரத்தத்தில் அல்லது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்த மாதிரியில் பார்க்கலாம். டொரன்டோவில் உள்ள அக்கா அங்கேயே சோதித்து முடிவை அனுப்பலாம். பொருந்தியவர் மட்டும் புறப்பட்டு வந்தால் போதும். பொருந்தாதவருக்கு விமானச் சீட்டு எடுத்துக் கடன்படுவது தேவையில்லாத செலவு.

இங்கே மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. ஒருவருக்கு இரத்தம் வேண்டும் என்றதும் அண்ணன் தம்பிமார் முதலில் ஓடிச்சென்று கை நீட்டுவார்கள். அது எமது பண்பு. ஆனால் மச்சை மாற்றுச் செய்யக்கூடிய நோயாளிக்குச் சொந்தக்காரரின் இரத்தத்தை ஏற்றக்கூடாது. ஏற்றினால் நோயாளியின் உடல் அந்தக் குடும்ப இரத்தத்தை எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். பின்னர் அதே அண்ணனின் மச்சையை ஏற்றும்போது அதை உதறித்தள்ளக்கூடும். அன்போடு கொடுத்த இரத்தம் உயிர் காக்கும் மச்சைக்கு வழியை அடைத்துவிடலாம். நமது நாட்டின் தேசிய இரத்த மாற்றுச் சேவை 2014 முதல் முழுவதும் தன்னார்வக் கொடையாளரின் இரத்தத்திலேயே இயங்குகிறது. ஆகவே சொந்தக்காரர் கொடுத்தால்தான் நோயாளிக்கு இரத்தம் என்ற நிலை இங்கில்லை. கொடுக்க விரும்பும் தம்பி வேறு யாருக்காவது உதவ இரத்த வங்கியில் கொடுக்கட்டும், தன் அண்ணனுக்கு மட்டும் வேண்டாம்.

பொருத்தமான சகோதரர் இல்லாவிட்டால் கதை முடிந்துவிடவில்லை. மச்சையைத் தாக்கும் வெண்குழியங்களை அடக்க, குதிரை அல்லது முயலின் இரத்தத்திலிருந்து எடுக்கும் ஏ.ரி.ஜி. என்ற மருந்தையும், சைக்ளோஸ்பொரின் என்ற குளிசையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மூவரில் இருவருக்கு இது பலன் தருகிறது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும், சிலருக்கு நோய் திரும்பலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சகோதரர் இருந்தாலும் முதலில் இதையே பலர் தெரிவு செய்கிறார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வின்படி எல்ட்ரோம்போபாக் என்ற குளிசையையும் சேர்த்தால் பலன் கூடுகிறது. தாய், தந்தை, பிள்ளை ஆகியோரின் பாதி பொருந்திய மச்சையை ஏற்றும் முறையும் இப்போது வளர்ந்துள்ளது. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் சித்தப்பா, மாமா பிள்ளைகளிடம் முழுப் பொருத்தம் கிடைப்பதும் உண்டு. அந்நியர் கொடுக்கும் பதிவேடுகளும் உள்ளன. இலண்டனில் அந்தோனி நோலன் என்ற சிறுவனுக்காக அவனது தாய் 1974இல் தொடங்கியதே அதற்கு முன்னோடி. மகன் 1979இல் இறந்துவிட்டான், பதிவேடு இன்றும் பிறரை வாழ வைக்கிறது. சென்னையில் டாத்ரி என்ற பதிவேடு 2009இலிருந்து இயங்குகிறது. உலகம் முழுதும் 4 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்திருந்தாலும், தெற்காசியர் அதில் மிகச் சொற்பமே. ஆகவே எம்மவருக்கு அந்நியரிடம் பொருத்தம் கிடைப்பது வெள்ளையருக்குக் கிடைப்பதைவிடக் கடினம்.

என்னதான் செய்கிறார்கள்?

கத்தி வைக்கும் சத்திரசிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். நோயாளிக்குக் கத்தியே இல்லை. முதலில் பல நாட்கள் மருந்து கொடுத்துப் பழைய மச்சையையும், வழிதவறிய வெண்குழியங்களையும் துடைத்தெடுக்கிறார்கள். நாற்றுப் போடுமுன் வயலை உழுது களை எடுப்பது போன்ற வேலை. கொடுப்பவரை மயக்கி, இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஊசியால் மச்சையை உறிஞ்சி எடுக்கிறார்கள். அது ஏறத்தாழ ஒரு லீற்றர் வரை இருக்கலாம். சில வாரங்களில் அது மீண்டும் ஊறிவிடும். கொடுப்பவருக்கு ஆண்மைக் குறைவு வரும், முதுகு வளையும் என்பதெல்லாம் கட்டுக்கதை. சில நாள் இடுப்பு நோகும். எடுத்த மச்சையை இரத்தம் ஏற்றுவது போலவே நோயாளியின் நரம்பில் ஏற்றுகிறார்கள். அது தானாகவே எலும்பைத் தேடிப் போய்க் குடியேறுகிறது. எப்படி வழி அறிகிறது என்பதை எண்ணும்போது படைத்தவரை நினைக்காதிருக்க முடியவில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் புதிய கலங்கள் தலைகாட்டும். அதுவரை நோயாளி தனி அறையில் இருப்பார். வாய் புண்ணாகும், மயிர் உதிரும். பார்க்க வருவோர் கூட்டமாகப் பழத்தோடு வந்து நிற்கக் கூடாத காலம் இது.

வீடு திரும்பிய பின்

பலர் மாற்றுச் சிகிச்சை முடிந்ததும் நோய் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் கடினமான காலம் வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் றொபின் றொபேட்ஸ் என்ற பெண்மணிக்கு இதற்கு நெருங்கிய மச்சை நோய் ஒன்று வந்து, 2012 செப்டெம்பரில் அவருடைய சகோதரியின் மச்சையை ஏற்றினார்கள். எல்லா வசதியும் உள்ள அவரே ஐந்து மாதம் கழித்து, 2013 பெப்ரவரியில்தான் வேலைக்குத் திரும்பினார். மண்ணில் வேலை செய்பவருக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும்.

முதல் நூறு நாட்கள் மிக ஆபத்தானவை. வைத்தியசாலைக்கு அண்மையில் தங்க வேண்டும். 100.4 பாகை காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுப் படுக்கக்கூடாது, அன்றிரவே வைத்தியசாலை வாசலில் நிற்க வேண்டும். காலையில் பஸ் வரும்வரை காத்திருந்து உயிர் போனவர்கள் உண்டு. ஆகவே இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரின் இலக்கம் சுவரில் எழுதியிருக்கட்டும். நோவுக்கு அஸ்பிரின், டிக்ளோபினாக் போன்றவற்றைத் தாமாக வாங்கக்கூடாது, அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

எமது மக்கள் வாழும் சூழலைச் சேர்த்தே இதைச் சிந்திக்க வேண்டும். பழைய வைக்கோற் போர், மக்கிய எரு, மாட்டுத் தொழுவம், ஈரச் சுவரின் பூஞ்சணம் ஆகியவற்றில் ஒரு வகைப் பூஞ்சண வித்து மிதக்கிறது. சுகமான எமக்கு அது ஒன்றும் செய்யாது. புது மச்சைக்காரரின் நுரையீரலில் அது வேர்விட்டால் பிழைப்பது அரிது. வயல் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு. எனவே குறைந்தது ஓராண்டுக்கு வயல், தொழுவம், போர் மூன்றும் விலக்கு. தகரக் கொட்டிலில் ஏழு பேர் படுக்கும் குடும்பத்தில் நோயாளிக்குத் தனி மூலை எப்படிக் கிடைக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை அந்தக் குடும்பத்திடம் மட்டும் இல்லை. அயலவர் ஒரு அறையை ஆறு மாதம் விட்டுக்கொடுப்பதும், பங்கு மக்கள் சீமெந்து மூடைகள் சிலவற்றைத் திரட்டித் தரையைப் பூசிக் கொடுப்பதும் பணம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. நீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடிக்கக் கொடுங்கள். சோறு கறி சமைத்த சூட்டோடு இருக்கட்டும். வெளிக்கடை வடை, பச்சைச் சம்பல், காய்ச்சாத பால் வேண்டாம்.

சைக்ளோஸ்பொரின் குளிசை ஏறத்தாழ ஒன்பது மாதம் முதல் ஓராண்டுவரை தொடரும், பிறகு மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நோயாளி தானாக நிறுத்துவதே புது மச்சை தோற்றுப்போவதற்கு ஒரு பெரிய காரணம். இம்மருந்தினால் முகத்திலும் கையிலும் மயிர் அடர்த்தியாகும், முரசு வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் சோதிக்கப்பட வேண்டும். இளம்பெண்களுக்கு மயிர் வளர்வது பெரிய மனவேதனை. மருந்து நின்றதும் அது போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புதிய மச்சையும் சில வேளை வந்த வீட்டோடு சண்டை பிடிக்கும். கொடுத்தவரின் வெண்குழியங்கள் நோயாளியின் தோல், கண், வாய், ஈரல், குடல் ஆகியவற்றை அந்நியமாகக் கண்டு தாக்கும். தோல் இறுகும், கண் வறண்டு மணல் கிடப்பது போலிருக்கும், வாயில் உறைப்பு சகிக்காது. வெயில் பட்டால் தோல் எரிச்சல் கூடும், ஆகவே நீண்ட கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியன இவர்களுக்கு அறவே கூடாது. வாய்ப் புற்றுநோய் இவர்களை மற்றவரைவிட எளிதில் தாக்கும், ஃபன்கோனி வகையினரை இன்னும் எளிதாக.

குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பழைய மச்சையோடு போய்விட்டது. அவற்றை ஆறு மாதம் அல்லது ஓராண்டிலிருந்து மீண்டும் போட வேண்டும். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் இரண்டு ஆண்டுகள் கழித்தே. இரத்த வகையும் மாறி, கொடுத்தவரின் வகையாகிவிடும். பழைய அடையாள அட்டையில் இருப்பதை நம்பி இரத்தம் ஏற்றிவிடக்கூடாது. கிளினிக் கொப்பியும் நோய் நிர்ணய அட்டையும் எங்கு போனாலும் கூடப் போகட்டும்.

திருமணம் பற்றிப் பெற்றோர் மெதுவாகக் கேட்பார்கள். இந்நோய்க்குக் கொடுக்கும் தயாரிப்பு மருந்து லுக்கேமியாவுக்குக் கொடுப்பதைப் போல் அவ்வளவு கடுமையானதல்ல. கதிர்வீச்சும் பெரும்பாலும் இல்லை. பிழைத்தவர்கள் பலர் பின்னர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆயினும் எல்லோருக்கும் உறுதியில்லை என்பதால் சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்பது நல்லது.

இன்னொன்றும் பேசப்பட வேண்டும். மச்சை கொடுத்த தம்பிக்கும் வாங்கிய அண்ணனுக்கும் இடையே புதிதாக ஒரு கடன் முளைக்கிறது. சில வீடுகளில் "நான் தந்த உயிர்" என்ற சொல் காணிப் பிரச்சினையில் ஆயுதமாகிறது. வேறு சில வீடுகளில் சிகிச்சை தோற்றுப்போய், கொடுத்த பிள்ளை தன் மச்சைதான் கூடாதது என்று வாழ்நாள் முழுதும் நினைத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்பதைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொருந்தாத பிள்ளையும், ஒன்றும் கொடுக்க முடியவில்லையே என்று மூலையில் நிற்கும். கொடுக்க மறுக்கும் சகோதரரைச் சபையில் வைத்து அவமானப்படுத்துவதும் சரியல்ல. பயம் பயம்தான். ஏற்கெனவே கொடுத்த ஒருவரோடு பேச வைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

செலவு பற்றி ஒரு சொல். வேலூர் வைத்தியர்கள் தம்மிடம் வந்தோரை ஒப்பிட்டுப் பார்த்து, பொருத்தமான சகோதரர் உள்ளவருக்கு மருந்தைவிட மாற்றுச் சிகிச்சையே மேலான பலன் தந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதற்காக முதல் வாரத்திலேயே மிஞ்சியிருக்கும் காணி உறுதியை அடகு வைத்துக் கடல் தாண்ட வேண்டும் என்பதில்லை. முதலில் இங்கே அரச வைத்தியசாலையில் நோயை உறுதிப்படுத்துங்கள். இழைய வகைச் சோதனை முடியட்டும். நாட்டுக்குள் முடியுமா, எப்போது முடியும் என்று நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதிய அறிக்கையை வாசித்து விளக்க ஒருவரைக் கூட்டிச்செல்லுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கான விண்ணப்பத்தை 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். இந்தியா செல்வதென்றால் சிகிச்சைக் கட்டணத்தை மட்டும் கணக்கிட வேண்டாம். நோயாளி, கொடுப்பவர், பார்த்துக்கொள்பவர் என மூவர் பல மாதம் தங்கும் வாடகையும் சாப்பாடும், அதே மாதங்களில் இங்கே தோட்டத்தை யார் பார்ப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் அனுப்புவது என்பதும் கணக்கில் சேரட்டும். கடவுச்சீட்டுக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், அதன் பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

மச்சை கொடுத்தவரையும் மறக்க வேண்டாம். அவருக்குச் சில வாரம் இரும்புக் குளிசையும், ஒருமுறை வைத்தியப் பரிசோதனையும் தேவை. இரண்டு வாரம் மண்வெட்டி பிடிக்காமல் இருக்கட்டும். அந்த இரண்டு வாரக் கூலியை யார் ஈடுசெய்வது என்பதை அவர் வைத்தியசாலைக்குப் போகுமுன்பே ஊரவர் கூடிப் பேசி முடித்துவிடலாம்.